பாத்திக் துணியில் பிழையா? முதலில் திருப்பிப் பாருங்கள்

சாயத்தொட்டியில் இருந்து துணியைத் தூக்கியதும் முகம் வாடி நிற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, "திருப்பு." மெழுகு எங்கே நூலுக்குள் இறங்கியது, எங்கே மேலோடு நின்றுவிட்டது, எங்கே கஞ்சி மிச்சம் இருந்தது என்பதெல்லாம் பின்பக்கத்தில் எழுதி வைத்தது போல இருக்கும்.

துணியில் மெழுகால் வரைந்து, அந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் தடுத்து நிறம் போடுவதுதான் பாத்திக். இதில் தவறு நடப்பது ஒரு நாள், தெரிவது இன்னொரு நாள். திங்கட்கிழமை துணியைச் சரியாக அலசாமல் விட்டது வியாழக்கிழமை சாயம் ஏறும்போதுதான் திட்டுத் திட்டாகத் தெரியும். மெழுகு ஆறிப் போயிருந்தது மூன்றாவது நிறத்தில் காட்டிக்கொடுக்கும். கறை பட்ட இடத்தையே தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, வந்த வழியே பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நாகர்கோவில் பக்கம் வீட்டு வராந்தாவில் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே அடிக்கடி வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் துணியில் தெரிவதற்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

மெழுகுக் கோட்டுக்குள் சாயம் நுழைந்திருக்கிறது

வருகிற புகார்களில் பாதி இதுதான். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடு மங்கலாக, ஓரம் கரைந்தது போல இருக்கும்.

துணியைத் திருப்புங்கள். முன்பக்கம் கோடு ஓரளவு தெரிந்து, பின்பக்கம் அது இருந்த தடமே இல்லை என்றால் மெழுகு போதிய சூட்டில் இல்லை. சாயம் பின்பக்கமாக ஏறி உள்ளே வந்திருக்கிறது. அடுத்த துணியில் மெழுகு போடும்போதே இதைக் கண்டுபிடித்துவிடலாம். சரியான சூட்டில் விழுந்த மெழுகு வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் போலக் கண்ணாடியாகத் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்த இடம் பளிச்சென்று இருக்கும். ஆறிய மெழுகு பால் ஏடு போல வெள்ளையாக, துணிக்கு மேலே மேடாக நிற்கும். நகத்தால் சுரண்டினால் அப்படியே பெயர்ந்து வரும்.

பாரஃபின் 55 முதல் 60 டிகிரியிலும், தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியிலும் உருகிவிடும். உருகிவிட்டதே போதும் என்று மெழுகுப் பேனாவை (மெழுகு மொள்ளச் சிறு கிண்ணமும், கோடு இழுக்க மூக்கும் உள்ள கருவி) எடுப்பதுதான் தவறு. துணிக்குள் இறங்க ஏறக்குறைய 110 முதல் 125 டிகிரி வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுச் சட்டியை வைத்து உருக்குவது பாதுகாப்புதான், ஆனால் அதில் 100 டிகிரியைத் தாண்ட முடியாது. மல்மல், கேம்பிரிக் போன்ற மெல்லிய துணிக்கு அது போதும். வடசேரிக் கைத்தறி மாதிரிக் கனமான துணிக்குப் போதாது. கனத்த துணிக்கு நான் சூட்டை அமைத்துக்கொள்ளக்கூடிய மின்சட்டி வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் அடிக்கும் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாடிகளைச் சுழற்றும் காற்று, சட்டியில் இருந்து துணிக்கு வரும் நாலு விரல் தூரத்தில் பேனா முனையை ஆற்றிவிடும். சட்டியில் சூடு சரியாக இருக்கும், துணியில் விழுவது மட்டும் வெள்ளை. இப்படி நடந்தால் மெழுகைக் குறை சொல்லாமல் ஜன்னலைச் சாத்துங்கள். அடுப்பைக் கைக்கு அருகில் இழுத்துக்கொள்ளுங்கள். பேனாவைச் சட்டியில் அரை நிமிடம் மூழ்க வைத்து எடுங்கள்.

இன்னும் சாயத்தில் போடவில்லை என்றால் காப்பாற்றிவிடலாம். துணியைத் திருப்பி, பின்பக்கமும் அதே கோட்டின் மேல் மெழுகு போடுங்கள். இது ஒட்டுவேலை இல்லை. ஜாவாவில் கையால் வரையும் நல்ல பாத்திக்குக்கு இரண்டு பக்கமும் மெழுகு போடுவதுதான் வழக்கம். சாயத்தில் போட்டு எடுத்த பிறகு தெரிந்தால் வெள்ளை திரும்பாது. மங்கிய கோட்டையே இளம் நிறக் கோடாக எடுத்துக்கொண்டு, மேலே மெழுகு போட்டு அடைத்து, சுற்றியுள்ள தளத்தை இன்னும் அடர்த்தியாக்குங்கள்.

பின்பக்கமும் மெழுகு கண்ணாடியாகவே இருக்கிறது, ஆனாலும் சாயம் நுழைந்திருக்கிறது என்றால் சாயத்தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் மெழுகு இளகும். காரம் கூடினாலும் கோளாறுதான். பாரஃபின் காரத்துக்கு அசையாது, தேன்மெழுகை காஸ்டிக் சோடா கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாக்கிவிடும். காஸ்டிக் கலந்த தொட்டியில் துணியை மணிக்கணக்கில் ஊறவைத்தால் கோட்டின் ஓரம் கரைவது அதனால்தான்.

கோடு தடித்து ஓடிவிட்டது

முந்தையதற்கு நேர் எதிர். மெழுகு அதிகச் சூடு, அல்லது துணி ஈரம், அல்லது துணி மேசையில் ஒட்டிக் கிடந்தது. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அடியில் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சட்டியில் இருந்து எடுத்ததும் முதல் கோட்டைப் பழைய துணித்துண்டில் இழுத்துப் பாருங்கள்.

மெழுகில் புகை வந்தால் அந்த நொடியே அடுப்பை அணைத்துவிட வேண்டும். 200 டிகிரியை ஒட்டிப் போனால் அதன் ஆவி தீப்பிடிக்கும். பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்ட கதைதான். தட்டு போட்டு மூடுங்கள். சட்டியின் வாய்க்குப் பொருந்தும் தட்டு கைக்கு எட்டும் இடத்தில் இல்லாமல் நான் அடுப்பைப் பற்ற வைக்க விடுவதில்லை.

பேனாவில் மெழுகு இறங்கவில்லை, அல்லது சொட்டுகிறது

இறங்கவில்லை என்றால் மூக்கில் தூசி. மெழுகை மல்மல் துணியில் ஒருமுறை வடிகட்டுங்கள். மூக்கைச் சூடான மெழுகில் முக்கி வைத்து மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். துடைப்பத்து ஈர்க்கிலின் நுனியும் நுழையும், ஆனால் உள்ளேயே ஒடிந்துவிட்டால் வேறு தலைவலி. சொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் கிண்ணத்தை நிறைய மொண்டதுதான். பாதி மொண்டு, அடியை ஒரு துணியில் துடைத்து, மூக்கை மேலே தூக்கியபடி கொண்டுவாருங்கள். விழுந்த சொட்டை முழுதாக எடுக்க முடியாது. நான் பக்கத்தில் இன்னும் நாலு சொட்டு வைத்துப் புள்ளிக்கோலம் ஆக்கிவிடுவேன்.

மெழுகு பொரிந்து உதிர்கிறது; விரிசல் வேண்டாத இடத்திலும் வருகிறது

பாரஃபின் கூடிவிட்டது. பாரஃபின் நொறுங்கும், தேன்மெழுகு வளையும், இரண்டின் அளவுதான் விரிசலை, அதாவது மெழுகு உடைந்த இடத்தில் சாயம் புகுந்து விழும் இழைகளைத் தீர்மானிக்கும். மெல்லிய கோடுகளுக்கு நான் சரிபாதி போடுகிறேன். தளம் முழுக்க வலைப்பின்னல் போல விரிசல் வேண்டும் என்றால் 10 பங்கில் 7 அல்லது 8 பாரஃபின்.

அளவு சரியாகப் போட்டும் உதிர்ந்தால் வாங்கிய தேன்மெழுகைச் சந்தேகப்படுங்கள். ஒருமுறை பார்க்க மஞ்சளாக, வாசனையாக இருந்த கட்டியை நம்பி வாங்கிவந்து ஒரு சேலையே போயிற்று, பாதிக்கு மேல் பாரஃபின் கலந்திருந்தது. அதன் பிறகு கையில் பிசைந்து பார்க்காமல் வாங்குவதில்லை. நல்ல தேன்மெழுகு உள்ளங்கைச் சூட்டில் மெல்ல இளகி மாவு போலக் குழையும். உடைத்தால் முகம் சொரசொரவென்று இருக்கும். கலப்படம் வழவழவென்று கையில் வழுக்கும். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. தேன் எடுத்த பிறகு உருக்கி வைத்திருக்கும் மெழுகை அவர்களிடமே கேட்டு வாங்கலாம்.

விரிசல் வரவே மாட்டேன் என்கிறது

சித்திரை, வைகாசியில் இந்தப் புகார் வரும். வெயிலில் மெழுகு இளகியே கிடக்கும், கசக்கினால் மடிகிறதே தவிர உடையாது. மெழுகு போட்ட துணியைப் பாலிதீன் பையில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். சேலை போன்ற பெரிய துணி என்றால் வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டு முக்குங்கள். மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் கட்டியே போதும், ஆனால் பையோடு போடுங்கள். மீன் வாசனை தேன்மெழுகு வாசனையோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குளிர்ந்ததும் சட்டென்று எடுத்து, எந்தப் பக்கம் கோடு ஓட வேண்டுமோ அந்தப் பக்கம் மடித்து உடையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உருட்டிக் கசக்கினால் முகம் வரைந்த இடத்திலும் சேர்ந்து விரியும்.

ஜாவாவின் நுணுக்கமான வேலையில் விரிசல் ஒரு குறையாகவே பார்க்கப்படும். நம் ஊரில் விரிசல் இல்லாவிட்டால் "இது பாத்திக்தானா, பிரிண்டா?" என்று கேட்கிறார்கள். தாகூர் 1927-ல் ஜாவா போய்வந்த பிறகு சாந்திநிகேதனில் வேரூன்றி, அப்புறம் சென்னைக்கு அருகே 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்து ஓவியர்கள் கைச்செலவுக்காகச் செய்து விற்றது வரை, இந்தக் கலை இங்கே வேறு ருசியோடுதான் வளர்ந்தது. என்னைக் கேட்டால் விரிசல் தளத்தில் இருக்கட்டும், கோட்டில் வேண்டாம்.

சாயம் திட்டுத் திட்டாக ஏறியிருக்கிறது

முதலில் திட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

பெரிய மேகம் போல, ஓரம் தெளிவில்லாமல் வெளிறிய திட்டு என்றால் கஞ்சி. புதுத்துணியின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்ச வேண்டும். முத்து போல உருண்டு நின்றால் துணி இன்னும் தயாராகவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினை ஒரு சொட்டு வைத்து, அது கருநீலமானால் கஞ்சிதான், வேறு சந்தேகமே வேண்டாம். சலவை சோடாவும் சோப்பும் போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைத்து அலசினால் போகும். கடைக்காரர் "கழுவினதுதான்" என்று சொன்னாலும் வேகவையுங்கள்.

துணி முழுக்க ஒரே சீராக வெளிறியிருந்தால் நூலில் பாலியெஸ்டர் கலந்திருக்கலாம். ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கருமணியாகச் சுருளும். அந்தத் துணியை ஒன்றும் செய்ய முடியாது, தலையணை உறையாகத் தைத்துவிடுங்கள்.

ஊசிமுனை அளவில் அடர்ந்த புள்ளிகள் என்றால் சாயத்தூள் கரையவில்லை. கொஞ்சம் வெந்நீரில் பசையாகக் குழைத்த பிறகு தண்ணீர் சேர்த்து, மல்மலில் வடிகட்டித் தொட்டியில் ஊற்ற வேண்டும். காற்று நாளில் சாய டப்பாவைத் துணிக்குப் பக்கத்தில் திறக்கவே கூடாது.

கடைசி வடிவம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் கல்லூரி முடித்த ஒரு பெண் விவேகானந்தர் பாறையைச் சுற்றிக் கடல் வரைந்து, நீலத்தில் முக்கி எடுத்தாள். கடலில் ஆங்காங்கே நீள்வட்டமாக வெளிறிய தடங்கள். "அக்கா, கஞ்சியை ரெண்டு தடவை எடுத்தேன் அக்கா" என்று அழாத குறை. தடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நெருக்கமான வளைகோடுகள். விரல் ரேகை. வரிசையாக நாலு, எதிர்ப்பக்கம் ஒன்று, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டியபோது பிடித்த பிடி. "மக்கா, தலைக்கு எண்ணெய் தேய்ச்சிட்டு நேரா வந்தியா?" என்று கேட்டேன். தேங்காய் எண்ணெய் மெழுகைப் போலவே சாயத்தைத் தடுக்கும். தென்னை இல்லாத வீடு அரிதான மாவட்டத்தில் இது தீராத தொல்லை. துணியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், முடியைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அவளுடைய கடலில் அந்தத் தடங்களைச் சுற்றி மெல்லிய மெழுகுக்கோடு போட்டு இன்னொரு நீலத்தில் முக்கினோம், கட்டுமரங்கள் ஆகிவிட்டன. ஒன்றில் மட்டும் இன்னும் ரேகை தெரிகிறது.

நிறம் நிற்கவில்லை, அலச அலசப் போகிறது

எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது.

"கோல்டு பிராண்டு" (cold, சூடாக்காத தண்ணீரிலேயே ஏறும்) ரியாக்டிவ் சாயம் என்றால் மூன்றைச் சரிபாருங்கள்: சோடா, நேரம், ஈரம். உப்பு சாயத்தை நூலின் பக்கம் தள்ளும், சலவை சோடாதான் அதை நூலோடு பிணைக்கும். லிட்டருக்கு உப்பு 50 கிராம், சோடா 10 முதல் 20 கிராம் என்பது என் கணக்கு. சோடா போட்ட சாயத்தைக் காலையில் கலந்து மாலையில் பயன்படுத்தினால் நிறம் ஏறினது போலக் காட்டி அலசும்போது ஓடிவிடும், சாயம் தண்ணீரோடே வினைபுரிந்து தீர்ந்திருக்கும். பிரஷ்ஷால் தீட்டியிருந்தால் துணி ஈரமாகவே நாலு மணி நேரமாவது இருக்க வேண்டும். காய்ந்தால் வினை நின்றுவிடும். இங்கேயும் ஆடிக் காற்று புகுந்துவிடும், பத்தே நிமிடத்தில் துணி மொறுமொறுவென்று காய்ந்துவிடும். பாலிதீன் விரித்து மூடி, ஓரங்களில் கல் வையுங்கள்.

நாப்தால் என்றால் கதை வேறு. அது இரண்டு குளியல்: முதலில் நாப்தால் கரைசல், பிறகு சால்ட் கரைசல். நிறம் பிறப்பது இரண்டும் சந்திக்கும்போது. இந்த "சால்ட்" என்ற பெயரால் வந்த குழப்பத்தை எழுதாமல் விட முடியாது. புதிதாக வந்த ஒருவர் வீட்டில் செய்து பார்த்து, "நிறமே வரல்லியே" என்று தொலைபேசினார். என்ன போட்டீர்கள் என்றால், "நீங்க சொன்ன சால்ட்தான், புத்தளத்து உப்பு." சமையல் உப்பை ஒரு கிலோ கொட்டியிருக்கிறார்! நாப்தாலுக்கான சால்ட் சாயக்கடையில் கிடைக்கும் வேறு பொடி, டப்பாவில் அதன் நிறப்பெயர் எழுதியிருக்கும்.

நாப்தால் 1 பங்குக்கு காஸ்டிக் அரைப் பங்கு, சால்ட் 2 பங்கு. நாப்தாலை டர்க்கி ரெட் ஆயிலில் (தண்ணீரில் கலக்கும்படி பதப்படுத்திய ஆமணக்கெண்ணெய்) குழைத்து, வெந்நீர் ஊற்றி, காஸ்டிக் சேர்த்ததும் கரைசல் தெளிய வேண்டும். மோர் போலக் கலங்கியிருந்தால் காஸ்டிக் போதவில்லை, அதில் முக்கினால் திட்டு நிச்சயம். முதல் குளியலில் இருந்து எடுத்த துணி சொட்டச் சொட்ட இருந்தால் சால்ட்டில் போடாதீர்கள். சொட்டு நிற்கும்வரை நிழலில் தொங்கவிடுங்கள், வெயில் பட்டால் அந்த இடம் வேறு நிறமாகும். சால்ட் கரைசல் குளிர்ந்த நீரில், அப்போதைக்கு அப்போது. கையுறை இல்லாமல் இந்த வேலை வேண்டவே வேண்டாம். காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நினைத்த நிறம் வரவில்லை

மஞ்சளுக்கு மேல் சிவப்பு போட்டால் சிவப்பு வராது, ஆரஞ்சுதான் வரும். அதன் மேல் நீலம் போட்டால் காப்பிக்கொட்டை நிறம். ஒவ்வொரு நிறமும் முந்தையதன் மேல்தான் உட்காரும். வெளிறியதில் தொடங்கி அடர்ந்ததை நோக்கிப் போக வேண்டும். மஞ்சள் பூவும் நீல வானமும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமென்றால் முக்குவதை விட்டுவிட்டு, மெழுகால் வேலி போட்டு பிரஷ்ஷால் தீட்டுங்கள்.

மெழுகு எடுத்த பிறகு துணி மங்கலாக, பிசுபிசுப்பாக இருக்கிறது

இஸ்திரி போட்டு செய்தித்தாளில் மெழுகை உறிஞ்ச வைத்தவர்களுக்கு வருவது இது. கோட்டைச் சுற்றி எண்ணெய் வளையம் தெரியும். இஸ்திரி முக்கால்வாசி மெழுகைத்தான் எடுக்கும். மிச்சத்துக்குக் கொதிநீர் வேண்டும்: பெரிய அண்டா, சோப்பு, சலவை சோடா, துணி மிதந்து புரள இடம். மெழுகு மேலே மிதந்து வரும். துணியை அந்தப் படலத்தின் வழியாக மேலே இழுத்தால் மெழுகு திரும்ப அப்பிக்கொள்ளும். படலத்தைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டு எடுத்து, இன்னொரு அண்டாக் கொதிநீரில் போடுங்கள். இரண்டு கொதி இல்லாமல் தீராது. சாம்பல் நிறமாகிவிட்ட வெள்ளைப் பகுதிகளும் இந்த இரண்டாம் கொதியில் ஓரளவு தெளியும்.

இரண்டு கொதிக்குப் பிறகும் மங்கல் போகவில்லையா? வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கண்ணாடி போலத் தெரிந்தால் மெழுகு. சுண்ணாம்பு பூசியது போல மந்தமாக இருந்தால் அது மெழுகே இல்லை, உப்புத்தண்ணீரும் சோப்பும் சேர்ந்து உண்டான கசடு. கடலோர ஊர்களில் இருந்து வருபவர்கள் துணியில் இதை அதிகம் பார்க்கிறேன். ஒரு வாளித் தண்ணீரில் அரைக் குவளை வினிகர் விட்டு அலசினால் போய்விடும். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. ஒரு டிரம்மில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் சாயத்துக்கும் சலவைக்கும் ஆகும்.

பட்டுத்துணியைச் சோடாவில் கொதிக்க வைக்காதீர்கள். பட்டு செத்துப்போகும். இஸ்திரியில் முடிந்தவரை எடுத்துவிட்டு டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

அண்டா நீரைச் சூட்டோடு சாக்கடையில் கொட்டினால் குழாய்க்குள் மெழுகு உறைந்து அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்க ஆறவிட்டால் காலையில் மேலே தோசை போலக் கட்டியாக நிற்கும், அப்படியே தூக்கி எடுக்கலாம். அதில் தண்ணீரும் சோடாவும் சிக்கியிருக்கும், நேராக அடுப்பில் வைத்தால் படபடவென்று தெறிக்கும். நல்ல தண்ணீரில் ஒருமுறை உருக்கி ஆறவிட்டு, அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டி எடுத்து, நிழலில் இரண்டு நாள் காயவையுங்கள். மெல்லிய கோட்டுக்கு அது ஆகாது. பெரிய தளத்தை அடைக்கும் வேலைக்கு என்று தனியாக ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.